ஐந்து கினிக்கு ஒரு பெட்டித் தூக்கம்

1730-களின் தொடக்கத்தில் லண்டன் கிரேஸ்சர்ச் தெருவில் ஒரு ஜவுளிக்கடைக்காரருக்குச் செடிப் பித்துத் தலைக்கேறியது. பெயர் பீட்டர் காலின்சன். அமெரிக்கக் காலனிகளுக்கு மூட்டை மூட்டையாகத் துணி ஏற்றி அனுப்புகிற வியாபாரம். மனிதருக்கு இருந்த பெரிய குறை, துணி ஏற்றிப் போன கப்பல் திரும்பி வரும்போது விதை ஏற்றி வரவில்லை என்பது.

கடைக்கு வருகிற காலனிக்காரர் ஒருவரையும் அவர் சும்மா அனுப்புவதில்லை. கரோலினாவிலிருந்து வந்தவரா, அங்கே என்ன பூக்கிறது? வர்ஜீனியாவா, போனதும் ஒரு பிடி விதை வருமா? எல்லாரும் தலையாட்டிவிட்டுப் போனார்கள். வெளிநாட்டிலிருந்து வருகிற உறவினரிடம் ஒரு சாமான் சொல்லிவிட்டு விமான நிலையத்தில் காத்து நின்றவர்களுக்கு அடுத்து நடந்ததைச் சொல்லத் தேவையில்லை. விதை வரவில்லை. தங்கள் ஊரில் வேலியோரம் மண்டிக் கிடக்கிற செத்தைக்கு இந்த மனுஷன் ஏன் இப்படி அலைகிறார் என்று அவர்களுக்கு விளங்கவில்லை. கடைசியில் தொல்லை தாங்காத சில கெட்டிக்காரர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஃபிலடெல்ஃபியா பக்கம் ஒரு விவசாயி இருக்கிறார், அவருக்கும் இதே கிறுக்கு, அவரைப் பிடித்துக்கொள் என்று கைகாட்டிவிட்டார்கள். தன்னைத் தட்டிக்கழிக்கத்தான் அப்படிச் செய்தார்கள் என்று காலின்சனே பிற்பாடு எழுதிவைத்திருக்கிறார். இங்கிலாந்துப் பிரபுக்களின் தோட்டங்களில் பாதியை மாற்றி அமைத்த ஏற்பாடு, ஒரு நச்சரிப்பைக் கைகழுவுவதற்காகத் தொடங்கியது.

அந்த விவசாயி ஜான் பார்ட்ரம். 1699-இல் பிறந்தவர். ஃபிலடெல்ஃபியாவுக்கு வெளியே ஸ்கூல்கில் ஆற்றங்கரையில் 1728-இல் நிலம் வாங்கி, தன் கையாலேயே கல்வீடு கட்டியவர். முதல் மனைவி இறந்தபின் இரண்டாம் கல்யாணம். இரண்டிலுமாகப் பதினோரு பிள்ளைகள். ஏர் ஓட்டிக்கொண்டிருந்தபோது ஒரு பூ கண்ணில் பட்டதாம், அதை எடுத்து உற்றுப் பார்த்தாராம், அந்த நிமிடமே செடிநூல் கற்பது என்று முடிவெடுத்தாராம். கிரெவெகூர் என்ற எழுத்தாளர் 1782-இல் அச்சிட்டுப் பரப்பிய கதை இது. போதி மரம், நியூட்டனின் ஆப்பிள் மரம் வரிசையில் இதையும் வைத்துக்கொள்வோம். பதினோரு பிள்ளை பிறந்த வீட்டில் ஏரைப் பாதியில் நிறுத்திவிட்டுப் பூவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால், ஞானம் வந்து சேருவதற்கு முன் வீட்டம்மா வந்திருப்பார்.

இரண்டு பேரும் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினர். குவேக்கர் என்றால் ராஜாவே எதிரே வந்தாலும் தொப்பியைக் கழற்றமாட்டார்கள். பிரபுவானாலும் பிச்சைக்காரனானாலும் ஒரே ‘நீ’தான். ஆகவே முப்பத்தைந்து வருஷம் இவர்கள் எழுதிக்கொண்ட கடிதங்களில் ‘தாங்கள்’, ‘சமூகம்’ என்ற பேச்சே இல்லை. ‘சிநேகிதா’ என்று தொடங்கி, நேராகச் சண்டைக்குப் போய்விடுவார்கள். இத்தனை வருஷத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. நட்பு அவ்வளவு காலம் நிலைத்ததற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

ஏற்பாடு எளிமையானது. இலையுதிர்காலத்தில் அறுவடை முடிந்ததும் பார்ட்ரம் குதிரையேறிக் காட்டுக்குள் போய்விடுவார். விதை முற்றுகிற காலம் அதுதான். திரும்பி வந்து ஒரு மரப்பெட்டியில் ஏறக்குறைய நூறு வகை விதை அடுக்குவார். பைன், ஓக், மேப்பிள், மேக்னோலியா, கால்மியா, ரோடடெண்ட்ரான் என்று ஒவ்வொன்றும் தனித்தனிக் காகிதப் பொட்டலம். கூடவே காயவைத்து அழுத்திய இலையும் பூவும், ஒவ்வொன்றிலும் ஓர் எண். அதே எண் போட்ட இன்னொரு மாதிரி பார்ட்ரம் வீட்டில் இருக்கும். லண்டனில் படித்தவர்கள் பார்த்து, இன்ன எண்ணுக்கு இன்ன லத்தீன் பெயர் என்று எழுதி அனுப்புவார்கள். பள்ளிக்கூடம் அதிகம் பார்க்காத பார்ட்ரம் செடிநூல் படித்த தபால்வழிக் கல்வி இது. பெட்டியில் இடம் மிச்சமிருந்தால் குளவிக்கூடு, பூச்சி, சங்கு, கல், எதுவும் வரும். காலின்சன் எதையும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

ஒரு பெட்டி ஐந்து கினி. அந்தக் காலத்து லண்டன் வீட்டு வேலைக்காரப் பெண்ணின் ஒரு வருஷச் சம்பளத்துக்குப் பக்கத்தில் வருகிற தொகை. முதலில் காலின்சனும் பீட்டர் பிரபு என்ற இளைஞரும்தான் வாங்கினார்கள். (பிரபுவின் குடும்பப் பெயரே பீட்டர். நம்மவரின் பெயரும் பீட்டர். எசெக்ஸ் சீமையில் தார்ண்டன் என்ற ஊரில் அரண்மனை.) பிறகு ரிச்மண்ட் கோமகன், நார்ஃபோக் கோமகன், பெட்ஃபோர்ட் கோமகன் எல்லாரும் வரிசையில் நின்றார்கள். ஒருவர் தோட்டத்தில் அமெரிக்க மேப்பிள் சிவந்தால் அடுத்தவருக்கு வயிறு எரிந்தது. பணம் வசூலிப்பது, சுங்கத்தில் கையெழுத்துப் போடுவது, பெட்டியைப் பிரித்து ஆளுக்கு ஆள் அனுப்புவது எல்லாம் காலின்சன். கமிஷன்? ஒரு பென்னியும் கிடையாது. அதைக் கடிதத்துக்குக் கடிதம் சொல்லிக்காட்டுவதுதான் அவர் எடுத்துக்கொண்ட கமிஷன்.

கடல் தாண்ட ஐந்தாறு வாரம் ஆகும். காற்று ஒத்துழைக்காவிட்டால் மூன்று மாதம். கப்பலின் அடித்தளத்தில் பெட்டியை வைத்தால் உப்புத்தண்ணீரும் எலியும் பங்கு போட்டுக்கொள்ளும். எலிக்கு ஐந்து கினியும் தெரியாது, கோமகனும் தெரியாது. ஓக் கொட்டை என்றால் ஓக் கொட்டை. அதனால் பெட்டியைக் கேப்டனின் அறையில், முடிந்தால் அவர் கட்டிலுக்கடியில் வைக்கச் சொல்லிக் காலின்சன் கெஞ்சுவார். கேப்டன்களுக்கு இது என்ன தலையெழுத்தோ, கடல் கொந்தளிக்கிற ராத்திரியில் கட்டிலுக்கடியில் மேக்னோலியா உருளும். 1744-இல் ஃப்ரான்ஸோடு போர் மூண்டதும் வேறு வினை சேர்ந்தது. கப்பலையே வழிமறித்துப் பிடித்துக்கொண்டு போனார்கள். விதையை விதைத்தார்களா, குப்பையில் கொட்டினார்களா? பிடித்தவர்கள் ரசீது கொடுப்பதில்லை.

இன்றைக்கு இந்தக் கூத்தெல்லாம் நடக்காது. வெளிநாட்டு விதை இந்தியாவுக்குள் வர வேண்டுமானால் 2003-ஆம் ஆண்டுத் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி அனுமதிச் சீட்டும், அனுப்புகிற நாட்டின் நோயின்மைச் சான்றிதழும் வேண்டும். கடித உறையில் நாலு விதையைச் செருகி அனுப்புவது சட்டவிரோதம். அதில் நியாயமும் உண்டு. அமெரிக்காவின் செஸ்ட்நட் மரக்காடுகளைப் பின்னால் அடியோடு அழித்த பூஞ்சை, ஆசியாவிலிருந்து யாரோ ஆசையாகக் கொண்டுவந்த கன்றுகளோடு வந்து இறங்கியதுதான். காலின்சன் காலத்தில் விதைக்குப் பாஸ்போர்ட் கிடையாது. எலிக்கும் கிடையாது.

சண்டைகளுக்கு வருவோம். பார்ட்ரமுக்குப் படிக்கிற ஆசை. டூர்ன்ஃபோர் எழுதிய செடிநூல் ஒன்று கிடைக்குமா என்று கேட்டு எழுதினார். காலின்சன் விலையைப் பார்த்தார். ஐம்பது ஷில்லிங். உடனே அவருக்கு பைபிள் ஞாபகம் வந்துவிட்டது. புத்தகம் படிப்பதற்கு முடிவே கிடையாது என்று சாலமோன் ராஜா சொல்லியிருக்கிறார், ஆகவே நீ அதிகம் படிக்காதே என்று புத்திமதி எழுதினார். தன் கையிலிருந்து காசு போகிறது என்றால் சாலமோன் வரைக்கும் போய்ச் சாட்சி கூட்டிவருகிற ஆட்கள் நம்முடைய எல்லாக் குடும்பத்திலும் உண்டு. சின்னத் தாத்தா ஒருவராவது இருப்பார்.

அடுத்து உடைப் பிரச்சினை. பார்ட்ரம் வர்ஜீனியாவுக்கு விதை சேகரிக்கக் கிளம்பினார். அங்கே காலின்சனுடைய பெரிய மனிதச் சிநேகிதர்கள் இருந்தார்கள். இந்தப் பட்டிக்காட்டான் அழுக்குச் சட்டையோடு போய் வாசலில் நின்றால் தன் மானம் என்ன ஆவது? வர்ஜீனியாக்காரர்கள் மனுஷனின் உள்ளே இருப்பதைவிட மேலே இருப்பதைத்தான் பார்ப்பார்கள், ஆகவே குளித்து, நல்ல உடுப்பாகப் போட்டுக்கொண்டு போ, துணி கிழிந்தால் கவலைப்படாதே, அடுத்த வருஷம் அனுப்புகிறேன் என்று கடிதம் போட்டார். பெண் பார்க்கப் போகிற பையனுக்கு அம்மா சொல்கிற அத்தனையும் அதில் இருக்கிறது. பார்ட்ரம் 1738 இலையுதிர்காலத்தில் ஐந்து வாரத்தில் 1100 மைல் சுற்றிவிட்டு வந்தார். குதிரை, காடு, மலை, சேறு. உடுப்பு திரும்பி வந்த கோலத்தை யூகித்துக்கொள்ளலாம்.

தொப்பி விவகாரம் இதற்கெல்லாம் மேல். காலின்சன் அன்பாகத் தன் தொப்பி ஒன்றைப் பெட்டியில் வைத்து அனுப்பினார். பார்ட்ரம் பார்த்தார், ஓட்டை. இதை அனுப்புவதற்கு அனுப்பாமலே இருந்திருக்கலாம் என்கிற தோரணையில் ஒரு பதில் போட்டார். காலின்சனுக்கு வந்ததே கோபம். ஓரத்தில் ஒன்றிரண்டு சின்ன ஓட்டை இருந்தது வாஸ்தவம்தான், ஆனால் உள்துணி புத்தம்புதிது. உனக்குப் பிடிக்கவில்லையென்றால் எனக்கே திருப்பி அனுப்பியிருக்கலாமே, மழை நாளில் கிராமத்துப் பக்கம் போட்டுக்கொள்ள இன்னும் இரண்டு மூன்று வருஷம் உழைத்திருக்கும் என்று எழுதினார். இதை எழுதிய மனிதர் லண்டனின் ராயல் சொசைட்டி உறுப்பினர். பெஞ்சமின் ஃப்ராங்க்ளினுக்கு மின்சாரச் சோதனைக் கண்ணாடிக் குழாய் அனுப்பி, அந்த ஆராய்ச்சி 1751-இல் புத்தகமாக வர வழிசெய்தவர். மின்சாரம் ஒரு பக்கம் இருக்கட்டும். ஜவுளிக்காரனிடம் துணியில் குறை சொன்னால் பொறுப்பானா?

இத்தனை பாடுபட்டு, எலிக்கும் ஃப்ரெஞ்சுக்காரனுக்கும் தப்பித்து, விதை லண்டனில் இறங்கிவிட்டது. விதைத்தாயிற்று. தண்ணீர் ஊற்றியாயிற்று. ஒரு மாதம் போயிற்று. இரண்டு மாதம் போயிற்று. முளைக்கவில்லை.

கதையில் எனக்குப் பிடித்த இடம் இதுதான். பணம், பட்டம், கப்பல், சாம்ராஜ்யம் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு ஒரு கோமகன் மண்தொட்டியின் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்திருக்கிறார். உள்ளே மிளகளவு விதை ஒன்று இன்னும் தூங்கிக்கொண்டிருக்கிறது. எழுப்ப ஆணை பிறப்பிக்க முடியாது.

குளிர்நாட்டு மரங்களின் விதை லேசில் ஏமாறுவதில்லை. செப்டம்பரில் உதிர்ந்த விதை, ஈரமும் இளவெயிலும் கிடைத்ததே என்று அக்டோபரில் முளைத்தால் டிசம்பர்ப் பனியில் செத்துப்போகும். அதனால் முளைப்பைத் தடுக்கிற ஒரு சரக்கைத் தன்னோடேயே வைத்துக்கொண்டிருக்கிறது. ஈர மண்ணில், குளிரில், இரண்டு மூன்று மாதம் கிடந்தால்தான் அந்தத் தடை கரையும். ஒரு குளிர்காலம் முழுசாகக் கழிந்துவிட்டது என்று விதைக்கு நம்பிக்கை வர வேண்டும். பார்ட்ரமின் பெட்டியோ அந்தக் குளிர்காலத்தைக் கேப்டன் கட்டிலுக்கடியில், காய்ந்த பொட்டலத்துக்குள் கழித்துவிட்டு வசந்தத்தில் வந்து இறங்கும். விதையைப் பொறுத்தவரை குளிர்காலம் இன்னும் வரவே இல்லை. அது பாட்டுக்கு அடுத்த வருஷம்வரை தூங்கும். பொறுமை இல்லாத தோட்டக்காரன் ஜூலை மாதமே தொட்டியைக் கவிழ்த்து, மண்ணைக் குப்பையில் கொட்டி, அமெரிக்காக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று முதலாளியிடம் வத்திவைப்பான். செல்சி மருந்துச்செடித் தோட்டத்தின் தலைவர் பிலிப் மில்லர், 1731-இல் வந்த தன் தோட்டக்காரர் அகராதியில், சில விதை இரண்டாம் வருஷம்தான் வரும், தொட்டியைக் கிளறாதே என்று திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. கிளறினார்கள் என்றுதானே அர்த்தம்?

பணக்காரர்களிடம் இன்னொரு வியாதி இருந்தது: சூடு. குதிரை லத்தியைக் குவித்து, அல்லது தோல் பதனிடும் இடத்தில் கழிக்கிற ஓக் பட்டைத் தூளைக் குழியில் கொட்டி, அது புளித்துச் சூடாகும்போது தொட்டிகளை அதற்குள் புதைப்பார்கள். அன்னாசி வளர்க்க அருமையான ஏற்பாடு. குளிரைக் கேட்கிற விதைக்கு அது மெத்தைமேல் மெத்தை. இன்னும் நன்றாகத் தூங்கும். பீட்டர் பிரபுவின் கண்ணாடி வீட்டில் சீனத்திலிருந்து வந்த கேமேலியா அதிகச் சூட்டில் வெந்தே செத்தது என்று தோட்டக்கலை வரலாற்றில் சொல்வார்கள். பிரபுவும் பாவம், 1742-இல் அம்மை கண்டு இருபத்தொன்பது வயதில் போய்விட்டார். காலின்சன் அந்த இழப்பிலிருந்து சுலபத்தில் எழவில்லை. அதைப் பற்றி எழுதும்போது மட்டும் அவருக்குக் கணக்கு வழக்கு மறந்துபோகிறது.

எங்கள் வீட்டிலும் இந்த நாடகம் ஒரு தடவை அரங்கேறியது. மதுரை வெயிலில் ஆப்பிள் முளைக்க வைப்பது என்று நான் ஒரு வைராக்கியம் எடுத்தேன். சிம்லா ஆப்பிள் ஒன்றைத் தின்றுவிட்டு, கொட்டை ஐந்தைக் கழுவி, ஈர டிஷ்யூவில் சுற்றி, எவர்சில்வர் டப்பாவில் மூடி, ஃப்ரிட்ஜில் மோர் மிளகாய்க்குப் பின்னால் வைத்தேன். எண்பது நாள் கணக்கு. அறுபத்து மூன்றாம் நாள் அம்மா ஃப்ரிட்ஜைச் சுத்தம் செய்தார். “ஏண்டா, பூஞ்சை பிடிச்ச காகிதத்தை யாராவது டப்பாவுல போட்டு மூடி வப்பாங்களா?” என்று கேட்டபோது டப்பா கழுவிக் கவிழ்க்கப்பட்டிருந்தது. காகிதம் கொல்லையில் குப்பைக் குழியில். சிம்லாவின் குளிர்காலத்தை எங்கள் ஃப்ரிட்ஜில் நடத்திக்கொண்டிருந்தேன் என்று விளக்கினேன். “நடத்தினது போதும்” என்றார்.

நம் ஊர் விதைகளுக்குப் பிடிவாதம் வேறு மாதிரி. குளிரைக் கேட்பதில்லை, தோலைக் கெட்டியாக்கிக்கொண்டு உட்கார்ந்துவிடும். தாமரைக் கொட்டையை உப்புத்தாளிலோ கருங்கல்லிலோ தேய்த்து உள்ளே வெள்ளை தெரிந்தால்தான் தண்ணீர் இறங்கும். சவுண்டல் விதையைக் கொதித்து இறக்கிய வெந்நீரில் போட வேண்டும். தேக்கை நனைத்து, காயவைத்து, மறுபடி நனைத்து, மறுபடி காயவைத்து, அது சலித்துப்போய் முளைக்கும்வரை தொந்தரவு செய்ய வேண்டும். டொரான்டோவில் இருக்கிற என் பெரியம்மா மகள் மார்ச் மாதம் பாகல் விதையின் நுனியை நகவெட்டியால் கிள்ளி, ராத்திரி முழுக்க ஊறவைத்து, ஈரத்துணியில் முடிந்து, ஃப்ரிட்ஜின் மேலே வைக்கிறாள்; அங்கே எப்போதும் ஒரு வெதுவெதுப்பு இருக்குமாம். வெளியே பனி கொட்டும், உள்ளே பாகல் மூக்கு நீட்டும். கன்றுகளைத் தெருவில் உள்ள யாழ்ப்பாணத்துக் குடும்பங்களுக்கெல்லாம் பங்கு வைப்பாள். நம் விதைக்கு ஃப்ரிட்ஜின் தலை, அவர்கள் விதைக்கு ஃப்ரிட்ஜின் வயிறு. காலின்சனிடம் ஃப்ரிட்ஜ் ஒன்று இருந்திருந்தால் சண்டையில் பாதி குறைந்திருக்கும்.

விதையை எழுப்புகிற மருந்து கடைசியில் ஒரு நெல்வயலில்தான் அகப்பட்டது. ஜப்பானிய விவசாயிகள் ‘மடத்தனமான நாற்று’ என்று பெயர் வைத்திருந்த ஒரு நோய். நாற்று திடீரென்று நெட்டையாக வளர்ந்து, கதிர் வைக்காமல் விழும். 1926-இல் குரொசாவா என்ற விஞ்ஞானி, அதைச் செய்வது ஒரு பூஞ்சை கக்குகிற சரக்கு என்று காட்டினார். பின்னால் அதற்கு ஜிப்பரெலின் என்று பெயர் வந்தது. செடிகளே சொந்தமாகத் தயாரிக்கிற சரக்குதான். விதைக்குள் தூக்கம் கலைவதும் அதனால்தான். இஸ்ரேலில் மசாடா கோட்டை இடிபாட்டில் கிடைத்த இரண்டாயிரம் வருஷத்துப் பேரீச்சங்கொட்டையை 2005-இல் முளைக்க வைத்தபோது, வெந்நீருக்கு அடுத்து அதற்குக் கொடுத்த தீர்த்தம் இதுதான். இரண்டாயிரம் வருஷம் தூங்கியதை எழுப்பியிருக்கிறார்கள். எங்கள் வீட்டில் அறுபத்து மூன்று நாள் தாங்கவில்லை.

காலின்சனை வாழ்நாள் கடைசிவரை ஏங்கவைத்தது ஒரு சின்னச் செடி. வட கரோலினாவின் ஆளுநர் ஆர்தர் டாப்ஸ், ஈ உட்கார்ந்தால் இலையை மூடிப் பிடித்துக்கொள்கிற ஒரு செடி தம் சீமையில் இருப்பதாக 1760 வாக்கில் எழுதினார். இன்று ‘வீனஸ் ஃப்ளைட்ராப்’ என்று எல்லாக் குழந்தைகளுக்கும் தெரிந்த செடி. காலின்சனுக்கு அன்றிலிருந்து தூக்கம் போயிற்று. விதை அனுப்பு, விதை அனுப்பு என்று ஆளுநரை அரித்தார். ஆளுநரோ எழுபது தாண்டிய வயதில் மறுமணம் செய்துகொண்டு, செடி விஷயத்தை மறந்துவிட்டார். காலின்சன் அதைப் பற்றி பார்ட்ரமுக்கு எழுதிய நக்கலைக் குடும்பப் பத்திரிகையில் போட முடியாது. கடைசியில் உயிருள்ள செடியை லண்டனுக்குக் கொண்டுவந்தவர் வில்லியம் யங், பார்ட்ரமின் தொழில் போட்டியாளர். அதற்கு முறையாகப் பெயர் வைத்து ஸ்வீடன் தாவரவியலாளர் லினேயஸுக்கு எழுதியவர் ஜான் எல்லிஸ். அவரும் துணி வியாபாரி! ஓக் கொட்டையைத் தேன்மெழுகில் புதைத்து ஒரு வருஷம் உயிரோடு வைத்துக் காட்டியவரும், கிழக்கிந்தியாவிலிருந்து விதை கொண்டுவருவது எப்படி என்று 1770-இல் கைப்புத்தகம் போட்டவரும் இதே எல்லிஸ்தான். அவர் லினேயஸுக்கு எழுதிய கடிதத்தின் தேதி 1768 செப்டம்பர். காலின்சன் இறந்தது அதே வருஷம் ஆகஸ்டில்.

அதற்குள் காலின்சனின் தோட்டத்தில் திருட்டும் நடந்திருந்தது. மில் ஹில் என்ற ஊரில் இருந்த அந்தத் தோட்டத்தின் சுவரேறிக் குதித்து, அருமையாக வளர்த்த அமெரிக்கச் செடிகளை வேரோடு பிடுங்கிப் போனார்கள். மற்ற தோட்டங்களிலும் இதே கதை. 1766-இல் நாடாளுமன்றமே சட்டம் போட்டது: இரவில் செடி திருடினால் நாடுகடத்தலும் உண்டு. அந்தக் காலத்தில் நாடுகடத்துவது அமெரிக்காவுக்கு! ஐந்து கினி கொடுத்து வரவழைத்த செடியைத் திருடியவனுக்குத் தண்டனை, அந்தச் செடி களையாக மண்டிக் கிடக்கிற ஊருக்கு இலவசக் கப்பல் பயணம்.

பார்ட்ரமுக்குக் காலின்சன் கடைசியாகச் செய்த பெரிய காரியம் ராஜாங்க வேலை. 1765-இல் மூன்றாம் ஜார்ஜ் மன்னர் அவரை அரச தாவரவியலாளர் ஆக்கினார். வருஷம் ஐம்பது பவுண்டு. அதற்கு முந்தைய வருஷம் ராணியின் தாவரவியலாளர் ஆன இளைஞர் யங்குக்கு முந்நூறு பவுண்டு என்று ஊரெல்லாம் பேச்சு. முப்பது வருஷம் முதுகொடிய விதை பொறுக்கியவனுக்கு ஐம்பது, நேற்று வந்தவனுக்கு முந்நூறு. அரசு அலுவலகத்தில் வேலை பார்த்த யாரிடமும் இதற்கு விளக்கம் கேட்கலாம்.

அந்த ஐம்பது பவுண்டை நம்பி, அறுபத்தாறு வயதில், மகன் வில்லியமைக் கூட்டிக்கொண்டு பார்ட்ரம் தெற்கே ஃப்ளோரிடா வரை கிளம்பினார். 1765 அக்டோபரில் ஜார்ஜியாவில் ஆல்டமாஹா ஆற்றங்கரையில் வழி தவறி இறங்கிய இடத்தில், முன்பின் பார்த்திராத ஒரு சிறு மரம் நின்றது. விதை கிடைக்கவில்லை. குறித்துக்கொண்டு நகர்ந்துவிட்டார்கள்.

1770-இல் லண்டனிலிருந்த ஃப்ராங்க்ளின் பார்ட்ரமுக்குச் சீனத்து மொச்சை என்று சோயா விதை அனுப்பினார். அதிலிருந்து சீனர்கள் ஒரு பாலாடைக்கட்டி செய்கிறார்களாம் என்று டோஃபுவைப் பற்றி வியந்தும் எழுதினார். பார்ட்ரம் டோஃபு கிண்டினாரா என்பதற்குச் சரித்திரச் சான்று இல்லை. 1777-இல், பிரிட்டிஷ் படை ஃபிலடெல்ஃபியாவை நெருங்கிக்கொண்டிருந்த செப்டம்பரில், தோட்டத்தை மிதித்து நாசமாக்கிவிடுவார்களோ என்ற கவலையிலேயே அவர் உயிர் போனது என்று குடும்பத்தில் சொல்லிக்கொண்டார்கள். படை வந்தது, தோட்டத்தைத் தொடவில்லை.

மகன் வில்லியம் வியாபாரத்தில் தோற்றவர், கடன்காரர், அப்பாவின் தீராத தலைவலி. ஆனால் 1770-களில் அவர்தான் அந்த ஆற்றங்கரைக்குத் திரும்பப் போய், மரத்தைக் கண்டுபிடித்து, விதை பறித்து வந்தார். அதன் காய் முற்றவே ஒரு வருஷத்துக்குப் பக்கம் ஆகும். 1781-இல் ஸ்கூல்கில் கரையில் முதன்முதலாகப் பூத்தது; வெள்ளைப் பூ, நடுவில் மஞ்சள் மகரந்தம். ஃப்ராங்க்ளினியா என்று பெயர் வைத்தார்கள். டோஃபு சேதி அனுப்பியதற்குக் கைம்மாறு என்று வைத்துக்கொள்ளலாம். 1803-க்குப் பிறகு காட்டில் அந்த மரத்தை யாரும் பார்க்கவில்லை. ஏன் அழிந்தது என்று இன்றுவரை சண்டை போடுகிறார்கள். இன்றைக்கு உலகத்தில் எந்தத் தோட்டத்தில் ஃப்ராங்க்ளினியா நின்றாலும், அது அந்த உருப்படாத மகன் பையில் போட்டுக் கொண்டுவந்த விதைகளின் வம்சம்.

எங்கள் குப்பைக் குழியில், ஐப்பசி மழை இரண்டு நாள் அடித்து ஓய்ந்த காலை, ஏதோ முளைத்திருக்கிறது என்று அம்மா கூப்பிட்டார். சட்டையைக்கூடப் போடாமல் ஓடினேன். இரண்டு விதையிலை, அதற்கு நடுவே பல்பல்லாக முதல் இலை, தண்டெல்லாம் பூனைமயிர். கிள்ளி முகர்ந்து பார்த்தேன்.

தக்காளி. அதுவும் அமெரிக்கச் சரக்குதான்.